வீட்டு வாசலில் நின்றுவிடும் சட்டம்: முதியோரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் உழைப்பும் ஊதியமும்

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், வீட்டுப் பணியாளர் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல் போடுகிறது. சமையற்காரர், பட்லர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, துணி வெளுப்பவர், தோட்டக்காரர், காவலாளி, கார் ஓட்டுநர், எஜமானருக்கு உடை எடுத்துக் கொடுப்பவர், குதிரைக்காரர் என்று அது நீள்கிறது. நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, துரைமார் பங்களாக்களை மனத்தில் வைத்து எழுதியது போன்ற பட்டியல். படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரைப் புரட்டிப் படுக்க வைத்து, உடம்பு துடைத்து, மருந்து கொடுப்பவருக்கு அதில் தனி இடம் இல்லை. ஆனாலும் தனியார் வீட்டு வேலையில் அமர்த்தப்பட்டவர் என்ற பொது விளக்கத்துக்குள் அவரும் வந்துவிடுகிறார். அந்த விளக்கத்துக்குள் வந்த மறுகணமே சட்டத்தின் பெரும்பகுதி அவருக்குப் பொருந்தாமல் போகிறது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறையில் இருக்கும் ஜுருவை எடுத்துக்கொள்வோம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு டோல் சாவடி. அங்கே வாழ்கிறவர்களுக்கு அது பழைய தோட்டங்களும் புதிய தாமான் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் ஒன்றையொன்று உரசி நிற்கும் இடம். தோட்டம் இருந்ததற்கு அடையாளமாக ஜுரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெயர் இன்றும் நிற்கிறது. வடக்கே பிறை, கிழக்கே புக்கிட் மின்யாக், தெற்கே பத்து காவான் என்று மூன்று பக்கமும் தொழிற்பேட்டைகள். பிள்ளைகள் அங்கே 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறார்கள், அல்லது கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தலைமுறையும், முதல் தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்த தலைமுறையும். இரண்டுமே மூப்படைந்துவிட்டன.

2030க்குள் மலேசியர்களில் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்பது அரசின் சொந்தக் கணிப்பு. பிறப்பு விகிதம் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற பேச்சு கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிறது. வருகிற ஆளுக்கு என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, எப்போது லீவு என்ற பேச்சுதான் பெரும்பாலும் நடப்பதில்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை

இந்த வேலை என்னவென்று கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களில் முதலில் தோல் சிவக்கும், பிறகு உரியும், பிறகு புண் எலும்பு வரை இறங்கும். காற்று மெத்தை வாங்கிப் போட்டாலும் திருப்பும் வேலை நிற்காது. மருத்துவமனையில் இரண்டு தாதியர் விரிப்பின் இரு முனையைப் பிடித்துச் செய்யும் வேலையை வீட்டில் ஒருத்தி தனியாகச் செய்கிறாள். நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மேல் 16 கிலோவுக்கு மேல் பாரம் விழக் கூடாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளர்கள் வகுத்த வரம்பு. முதியவர் மெலிந்து 50 கிலோ ஆகியிருந்தாலும் அது அந்த வரம்பைப் போல மூன்று மடங்கு.

மூக்குக் குழாய் வழியாகப் பால் கொடுப்பதென்றால் குழாய் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, கொடுத்து முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குள் போகும். சர்க்கரை நோயாளி என்றால் இன்சுலின் ஊசியும், தினமும் பாதத்தில் புண் உண்டா என்று பார்ப்பதும் சேரும். பேம்பர்ஸ் மாற்றுவது, மலச்சிக்கல் பார்ப்பது, மாத்திரைகளை வேளைக்கு வேளை பிரித்து வைப்பது எல்லாம் இதற்கு மேல்.

மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது வேறு விதமான பாடு. உடம்பில் தெம்பு இருக்கும், பகல் இரவு தெரியாது. சாயங்காலமானால் பதற்றம் கூடும். நள்ளிரவில் எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிரில் கதவை உலுக்குவார். அவரைப் பார்த்துக்கொள்பவர் படுத்துக் கண்ணை மூடினாலும் அது தூக்கம் ஆகாது. இத்தோடு வீட்டில் இருக்கும் எல்லாருக்கும் சமையல், துணி, பாத்திரம், வாசல் என்று சேர்த்துவிடும் குடும்பங்கள் நிறைய. அமர்த்தியது பாட்டியைப் பார்க்க என்றாலும், வீட்டோடு இருக்கிறாள் என்பதால் எல்லா வேலையும் அவள் தலையில் வந்து விழுகிறது.

ஒரே வேலை, இரண்டு சட்டம்

இதே வேலையை அதே ஊரில் ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் ஒருவர் செய்தால் அவர் தொழிலாளி. வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை, ஒரு நாள் ஓய்வு, மிகுதி நேரத்துக்கு ஓவர்டைம், பொது விடுமுறை, ஆண்டு விடுப்பு, மருத்துவ விடுப்பு, 98 நாள் பேறுகால விடுப்பு எல்லாம் உண்டு. 2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 ரிங்கிட். ஐந்துக்கும் குறைவான ஆட்களை வைத்திருக்கும் சிறு முதலாளிகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் அதுவே சட்டம். மணிக் கணக்கில் 8 ரிங்கிட் 72 சென்.

வேலை செய்யும் இடம் ஒரு தாமான் வீடாகவும் அமர்த்தியவர் அந்த வீட்டுக்காரராகவும் இருந்தால் மேலே சொன்னவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது. வேலைவாய்ப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை வீட்டுப் பணியாளரை வேலை நேரம், ஓய்வு நாள், விடுமுறை, பேறுகாலப் பாதுகாப்பு, பணி நிறுத்த இழப்பீடு ஆகிய பகுதிகளிலிருந்து விலக்கி வைக்கிறது. குறைந்தபட்ச ஊதிய ஆணையும் அவர்களை விலக்குகிறது. ஊழியர் சேமநிதியில் அவர்களாக விரும்பிச் சேரலாமே தவிர, முதலாளிக்குக் கட்டாயம் கிடையாது. 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த திருத்தம் வேலைவாய்ப்புச் சட்டத்தில் பலவற்றை மாற்றியது. மற்றத் தொழிலாளர்களுக்கு வாராந்திர வேலை நேரத்தை 48இலிருந்து 45 ஆகக் குறைத்தது, கட்டாய உழைப்பைக் குற்றமாக்கியது. வீட்டு வேலைக்காரர் என்ற பழைய சொல்லை எடுத்துவிட்டு வீட்டுப் பணியாளர் என்ற மரியாதையான பெயரையும் தந்தது. விலக்குகளில் கை வைக்கவில்லை.

மிஞ்சுவது என்ன? சம்பளம் உரிய நாளில் தரப்பட வேண்டும், வேலையை விட்டு நிறுத்த 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும், பாலியல் தொல்லைக்கு எதிராகப் புகார் கொடுக்கலாம். இவற்றோடு ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் உள்ளூர்க்காரரோ வெளிநாட்டவரோ, வீட்டுப் பணியாளரைச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் பதிவு செய்வது கட்டாயம். முதியவரைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டாலும், ஈரக் குளியலறையில் வழுக்கி விழுந்தாலும் அது வேலையிட விபத்து என்று சட்டம் ஒப்புக்கொண்ட முதல் தருணம் அது.

முதியோர் பராமரிப்பைக் கண்காணிக்கும் சட்டங்களும் கட்டடங்களையே பார்க்கின்றன. 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையங்கள் சட்டம், 2018ஆம் ஆண்டின் தனியார் முதியோர் சுகாதார நிலையங்கள் சட்டம் இரண்டுமே நிலையங்களைப் பற்றியவை. வீட்டில் நடக்கும் பராமரிப்புக்குத் தகுதி என்ன, பயிற்சி என்ன, ஒருவருக்கு எத்தனை மணி நேரம் என்று வரையறுக்கும் தனிச் சட்டம் கிடையாது.

அடெலினா வேலை செய்தது பக்கத்து ஊரில்தான்

ஜுருவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் புக்கிட் மெர்தாஜாம். 2018 பிப்ரவரி 10 அன்று அங்குள்ள ஒரு குடியிருப்பு வீட்டிலிருந்து அடெலினா என்ற இந்தோனேசியப் பணிப்பெண் மீட்கப்பட்டார். வீட்டின் முன்தாழ்வாரத்தில், நாயின் பக்கத்தில் அவர் படுக்க வைக்கப்பட்டிருந்ததாக அக்கம்பக்கத்தார் சொன்ன தகவல்தான் மீட்புக்கு வழி செய்தது. உடலில் காயங்களோடு இருந்த அவர் மறுநாள் புக்கிட் மெர்தாஜாம் மருத்துவமனையில் இறந்தார். வீட்டுக்கார அம்மையார் மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இலும், கூட்டரசு நீதிமன்றம் 2022 ஜூனிலும் அந்த விடுதலையை உறுதி செய்தன. அடெலினாவின் சாவுக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

அவர் முதியோரைப் பார்த்துக்கொள்ள வந்தவர் என்று சொல்வதற்கில்லை. ஆனால் வீட்டு வேலைக்கென்று வரும் பெண்ணும், இன்று ஜுருவில் ஒரு தாத்தாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும் இந்தோனேசியப் பெண்ணும் வருவது ஒரே வகை பெர்மிட்டில். வீட்டில் முதியோரைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு மலேசியாவில் தனி வகை இல்லை. பணிப்பெண் என்ற ஒரே வகைதான். பெர்மிட் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அந்த வீட்டை விட்டு வெளியேறினால் அவர் நாட்டில் இருக்கும் உரிமையே கேள்விக்குள்ளாகும். சம்பளம் பாக்கி என்று தொழிலாளர் இலாகாவுக்குப் போவதற்குள் குடிநுழைவுத் துறையைப் பற்றிய பயம் வந்துவிடும். நல்ல குடும்பத்தில் வேலை கிடைத்தவர்கள் ஏராளம். ஆனால் நல்ல குடும்பமா இல்லையா என்பது அந்தப் பெண்ணின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

இந்தோனேசியா இதைச் சகித்துக்கொண்டே இருக்கவில்லை. 2009 ஜூனில் மலேசியாவுக்குப் பணிப்பெண்களை அனுப்புவதை நிறுத்தியது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, பாஸ்போர்ட் தொழிலாளியின் கையிலேயே இருப்பது என்ற நிபந்தனைகளை மலேசியா ஏற்ற பிறகே 2011 டிசம்பரில் தடை விலகியது. 2022 ஏப்ரல் 1இல் ஜகார்த்தாவில் அன்றைய மனிதவள அமைச்சர் எம். சரவணன் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதன்படி இந்தோனேசியப் பணிப்பெண்ணுக்கு மாதம் குறைந்தது 1,500 ரிங்கிட். நடைமுறை சரியில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் ஆள் அனுப்புவதை நிறுத்தி, ஆகஸ்டில் திறந்தார்கள்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. வெளிநாட்டு அரசு பேரம் பேசிப் பெற்றதால் இந்தோனேசியப் பெண்ணுக்கு ஒரு சம்பள வரம்பு உண்டு. அதே வீட்டுக்கு ஜுருவிலிருந்தோ சிம்பாங் அம்பாட்டிலிருந்தோ பகலில் வந்து போகும் மலேசியத் தமிழ்ப் பெண்ணுக்கு அந்த வரம்புகூட இல்லை.

தமிழகத்திலிருந்து வருபவர்களின் நிலை வேறு. குடியேற்றச் சோதனை தேவைப்படும் நாடுகள் என்று இந்தியா வகுத்த 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அந்த வகை பாஸ்போர்ட் வைத்திருக்கும் 30 வயதுக்குட்பட்ட பெண்கள் இங்கே வீட்டு வேலைக்கு வர அனுமதி இல்லை. அந்த வயதைக் கடந்தவர்களும் சென்னையிலுள்ள தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் மூலமாகவே வர வேண்டும். ஏஜெண்டை நம்பிச் சுற்றுலா விசாவில் வந்து, பாட்டிக்குத் தமிழ் பேசும் ஆள் வேண்டும் என்ற வீட்டில் சேர்ந்துவிடும் பெண்ணுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் எட்டாது. பெர்கேசோ பதிவும் அவருக்கு வாய்க்காது.

கணக்கு எங்கே உதைக்கிறது

குடும்பங்களின் கஞ்சத்தனம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடித்துவிடுவது சுலபம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். முழு நேரமும் ஆள் தேவைப்படும் ஒரு முதியவரை, சட்டம் பிறருக்குச் சொல்லும் 45 மணி நேரக் கணக்கில் பார்த்துக்கொள்ள மூன்றே முக்கால் பேர் வேண்டும். குறைந்தபட்ச ஊதியப்படி மாதம் சுமார் 6,350 ரிங்கிட். மலேசியப் புள்ளிவிவரத் துறையின் 2022ஆம் ஆண்டு ஆய்வில், நாட்டுக் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் 6,338 ரிங்கிட். ஒரு குடும்பத்தின் மொத்த வருமானத்தையும் எடுத்து வைத்தால்தான் ஒரு முதியவருக்குச் சட்டப்படியான கூலியில் முழு நேரப் பராமரிப்பு கிடைக்கும். அரிசி, வாடகை, கார் தவணை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எதற்கும் மீதி இருக்காது.

எனவே மூன்றே முக்கால் பேரின் வேலை ஒருத்தியிடம் வந்து சேர்கிறது. மாதம் 1,500 ரிங்கிட் வாங்கும் ஒரு பெண் நாளுக்கு 14 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவோடு வேலை செய்வதாக வைத்துக்கொண்டால் மணிக்கு 4 ரிங்கிட் 12 சென் வருகிறது. சட்ட வரம்பில் பாதிகூட இல்லை. லீவும் இல்லையென்றால் 3 ரிங்கிட் 57 சென். இரவில் எழுந்த நேரங்களை இதில் சேர்க்கவில்லை. வித்தியாசத் தொகையைத் தன் உடம்பால் கட்டுபவர் அந்தப் பெண்தான்.

அரசு தரும் உதவி இந்தக் கணக்கை அசைக்கவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரைக் கவனிக்கும் ஏழைக் குடும்பத்துக்குச் சமூக நல இலாகா மாதம் 500 ரிங்கிட் தருகிறது. சுகாதார அமைச்சின் குழுக்கள் சில மாதங்களுக்கு வீட்டுக்கே வந்து புண் கட்டி, குழாய் மாற்றி, குடும்பத்துக்குக் கற்றுக்கொடுக்கின்றன. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கும் பராமரிப்பாளர் சம்பளத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு உண்டு. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிக்காதவருக்கு அந்தக் கழிவால் பயன் இல்லை. மேலும் வரி செலுத்துபவரோ அவருடைய கணவனோ மனைவியோ பிள்ளையோ பராமரிப்பாளராகக் கணக்கில் வர முடியாது. ஆக, வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் வரிக் கணக்கிலும் இல்லை, சம்பளக் கணக்கிலும் இல்லை. வேலைக்குப் போகாத மலேசியப் பெண்கள் சொல்லும் முதன்மைக் காரணம் வீட்டுப் பொறுப்பு என்பது தொழிலாளர் ஆய்வுகளில் ஆண்டுதோறும் பதிவாகிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய இல்லத்தரசிகள் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஆண்டுக்கு 120 ரிங்கிட் கட்டினால் விபத்துக்கும் உடல் முடக்கத்துக்கும் காப்பு தருகிறது. ஆனால் 55 வயதுக்குள் சேர்ந்தாக வேண்டும். பெற்றோர் 85ஐத் தொடும்போது பல மகள்கள் அந்த வயதைத் தாண்டியிருப்பார்கள்.

மற்ற நாடுகள் பட்ட பாடு

இந்தச் சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் எவ்லின் கோக் என்ற ஜமைக்கா நாட்டுப் பெண் 20 ஆண்டுகளுக்கும் மேல் முதியோர் வீடுகளில் வேலை செய்து, ஓவர்டைம் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் விதி மாற்றப்பட்டு 2015இல் லட்சக்கணக்கான பராமரிப்பாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் ஓவர்டைமும் கிடைத்தன. 2025 ஜூலையில் அந்த விதியைத் திரும்பப் பெறும் முன்மொழிவை அமெரிக்கத் தொழிலாளர் துறை வெளியிட்டது. தைவானில் வீட்டோடு இருக்கும் வெளிநாட்டுப் பராமரிப்பாளர்களுக்குத் தொழிலாளர் சட்டம் இன்றும் பொருந்தாது. 2022இல் அவர்களுடைய சம்பள வரம்பை 20,000 தைவான் டாலராக உயர்த்தினார்கள், அவ்வளவே.

ஜெர்மனியின் தீர்ப்பு ஜுருவுக்கும் பொருந்தும். பெர்லினில் 90 வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் தங்கி வேலை செய்த பல்கேரியப் பெண்ணின் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 30 மணி நேரம் என்று எழுதியிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரவும் பகலும் அழைப்புக்குக் காத்திருந்தேன் என்றார் அவர். 2021 ஜூன் 24 அன்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், காத்திருக்கும் நேரமும் வேலை நேரம்தான், அதற்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று தீர்ப்பளித்தது. இரவில் கிரில் கதவின் சத்தத்துக்குக் காது கொடுத்துப் படுத்திருக்கும் பெண்ணுக்கு இதைவிட நேரான பதில் வேறு எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை.

அந்தத் தீர்ப்பை ஜெர்மனி ஓரளவு தாங்கிக்கொள்ள முடிவதற்குக் காரணம், 1995இலேயே அங்கே பராமரிப்புக் காப்பீடு வந்துவிட்டது. ஜப்பானில் 2000 முதல் 40 வயதைத் தாண்டிய எல்லாரும் அதற்கென்று சந்தா கட்டுகிறார்கள். சிங்கப்பூர் 2020இல் கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தைத் தொடங்கியது. மலேசியாவில் அப்படிப்பட்ட பொதுக் காப்பீடு இல்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கையை 2011இல் உலகம் ஏற்றது. மலேசியாவும் இந்தியாவும் இன்னும் உறுதிப்படுத்தவில்லை.

எனவே சம்பளச் சட்டத்தை மட்டும் மாற்றி, செலவை முழுக்கக் குடும்பத்தின் தலையில் கட்டினால் குடும்பங்கள் பதிவில்லாத ஆட்களைத் தேடிப் போகும். காப்பீட்டை மட்டும் கொண்டுவந்து விலக்குகளை அப்படியே விட்டால் பணம் ஏஜெண்டுகளிடம் தங்கிவிடும். இரண்டும் சேர்ந்து வர வேண்டும். வீட்டுப் பராமரிப்பாளர் என்று தனி வகை ஒன்றைச் சட்டத்தில் உண்டாக்கி, வாராந்திர ஓய்வையும் இரவு நேரக் கணக்கையும் குறைந்தபட்ச ஊதியத்தையும் அதில் எழுத வேண்டும். சந்தாவும் அரசுப் பணமும் சேர்ந்த ஒரு நிதி, அந்த ஊதியத்தில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். அடெலினா மீட்கப்பட்டபோது புக்கிட் மெர்தாஜாம் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஸ்டீவன் சிம் 2023 டிசம்பரில் மனிதவள அமைச்சரானார். விவரம் தெரிந்தவர் அமைச்சராக இருந்த காலத்திலும் முதல் அட்டவணை மாறவில்லை என்றால், நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருப்பதில் பொருள் இல்லை.

அதற்குள் வீட்டில் ஆள் வைத்திருக்கும் குடும்பங்கள் செய்யக்கூடியவை உண்டு. என்ன வேலை, என்ன சம்பளம், எந்த நாள் லீவு என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை அவரிடம் கொடுக்கலாம். சம்பளத்தை வங்கி வழியாகப் போடலாம். பாஸ்போர்ட்டை அவரிடமே விடலாம். அவருடைய ஓய்வு நாளில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை முறை வைத்து வந்து பெற்றோரைப் பார்த்துக்கொள்ளலாம். பெர்கேசோ பதிவுக்கோ எந்தத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை. 1,700 ரிங்கிட் சம்பளம் வாங்கும் வெளிநாட்டுப் பணிப்பெண்ணுக்கு முதலாளி கட்ட வேண்டிய மாதச் சந்தா சுமார் 21 ரிங்கிட்தான். பதிவு செய்யாமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.